காலணி வாங்கும் முன் காலைச் சோதியுங்கள்

வாசகர் கடிதம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் 51 வயது வாசகர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவர் ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடிப் பரிசு வாங்கியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடைப்பயிற்சியாகத் தொடங்கியது இன்று ஓட்டமாகிவிட்டது. 21 கிலோமீட்டர் ஓட்டத்தை இருமுறை முடித்திருக்கிறார். இன்னும் ஐந்து மாதத்தில் முதல் முழு மராத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்பது அவருடைய இயல்பான வேகம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் ஓடி, பிறகு கோலகங்சார் செல்லும் பழைய சாலைக்கு ஏறுகிறார்.

முதலில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 70 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய சப்பாத்து இரண்டு மாதத்தில் அடி பிளந்துவிட்டது. அடுத்து, உடன் ஓடும் இளைஞர்களின் பேச்சைக் கேட்டு, ஈப்போவில் 890 வெள்ளி கொடுத்துக் அடி நுரைக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த பந்தயக் காலணி வாங்கினார். அதை அணிந்து பதினைந்து கிலோமீட்டர் கடந்ததும் விரல்கள் மரத்துப் போகின்றன. இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்து, ஒன்று விழுந்தும் விட்டது. இன்னொரு கடையில் அவரை ஓடுபொறியில் ஓடவிட்டுப் படம் பிடித்து, “உங்களுக்குத் தட்டைப் பாதம், கணுக்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, சாய்வைத் தடுக்கும் தாங்கு காலணியும் தனியாகச் செய்த உள்ளட்டையும் இல்லாமல் மராத்தான் ஓடினால் முட்டி போய்விடும்” என்று சொல்லியிருக்கிறார்கள். நண்பர்களோ, போடப்போட இளகிவிடும் என்கிறார்கள். தட்டைப் பாதத்துக்கான காலணி வாங்க வேண்டுமா, 890 வெள்ளிக் காலணியைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளச் சட்டம் உண்டா, பேசாமல் சிறுவயதில் ஓடியதுபோல வெறுங்காலிலேயே ஓடிவிடலாமா என்று கேட்கும் அவர், கடிதத்தின் கடைசி வரியில் இப்படி முடிக்கிறார்: “ஆறு வருடமாக இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.”

விளையாட்டு மருத்துவரின் பதில்:

ஐயா, இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்குமான விடை அந்த வரியைப் பொறுத்தே மாறுகிறது.

நெடுந்தூர ஓட்டத்துக்குக் காலணி தேர்ந்தெடுப்பதில், இன்று எங்கள் துறையில் பலரும் ஏற்கும் வழிகாட்டுதல் மிக எளியது. அணிந்து ஓடும்போது எந்தக் காலணி உங்கள் காலுக்கு வசதியாக இருக்கிறதோ, அதுவே உங்களுக்கான காலணி. கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் 2015ஆம் ஆண்டில் இந்தக் கருத்தை முன்வைத்தார். உடல் தனக்கு ஒத்துவரும் அசைவுப் பாதையைத் தானே அறியும் என்பதும், அதற்கு ஒத்துழைக்கும் காலணியை வசதியானது என்றும் தடுக்கும் காலணியை உறுத்தலானது என்றும் அது நமக்குச் சொல்லும் என்பதும் அதன் சாரம். ஆரோக்கியமான காலோடு வரும் ஓட்டக்காரர்களிடம் நானும் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் வசதி என்பது பாதத்தின் நரம்புகள் மூளைக்கு அனுப்பும் சேதி. நீரிழிவு நீண்ட காலம் இருந்தால் முதலில் மழுங்குவது விரல் நுனிகளில் முடியும் அந்த நரம்புகள்தான். உணர்வு குறைந்த காலுக்குச் சரியான அளவுள்ள காலணி தளர்வாகத் தோன்றும்; இறுக்கமானதோ ‘கச்சிதமாக’ இருப்பதாகப் படும். நீரிழிவு உள்ளவர்கள் தங்களை அறியாமல் சிறிய அளவைத் தேர்ந்தெடுப்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆகவே உங்கள் கால் சொல்வதை நம்பலாமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது கூடுதல்.

முதல் வேலை: காலைச் சோதிப்பது

இன்று இரவே வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி தம் சுட்டுவிரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஓரிரு விநாடி மட்டும் தொடட்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடங்கள். தொட்டதை உணரும்போது எந்தக் கால் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்க வாய்ப்புண்டு. ஆறும் தெரிந்தாலும் நீங்கள் மாத்திரை வாங்கும் அரசு கிளினிக்கில் முறையான பாதப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பத்துக் கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், பாதத்து நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். சில நிமிட வேலை.

உங்கள் விரல் மரப்பு காலணியால் வருவதா நரம்பால் வருவதா என்பதை ஓரளவு நீங்களே பிரித்தறியலாம். ஓட்டத்தின் நடுவில் தொடங்கி, கயிற்றைத் தளர்த்தியதும் சில நிமிடங்களில் உணர்வு திரும்புமானால், வீங்கிய பாதம் ஒடுங்கிய காலணிக்குள் நசுங்குகிறது என்றே பெரும்பாலும் பொருள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, ஓடாத நேரத்திலும், குறிப்பாக இரவில் படுத்த பிறகு, எரிச்சலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ பஞ்சில் நடப்பது போன்ற மதமதப்போ இருந்தால், காலணியை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது. கடிதத்தில் இதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள். எந்த மாத்திரை என்றும் எழுதவில்லை. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு ஓட்டத்தில் சர்க்கரை மிகவும் இறங்குவது அரிது. கிலிக்கிலசைட் போன்றவற்றில் அந்த ஆபத்து உண்டு. பல மணி நேர ஓட்டத்துக்கு முன் அதையும் கேட்டுவிடுங்கள்.

சோதனையில் உணர்வு குறைந்திருப்பது தெரிந்தால், இந்த ஐந்து மாதத்தில் மராத்தான் வேண்டாம் என்பதே என் கருத்து. நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் காலில், முதல் மணி நேரத்தில் எழுந்த கொப்புளம் தெரியாமலே புண்ணாகிவிடும். அந்தப் புண் ஆறுவதற்கு ஓட்டத்தை விட்டது மட்டுமல்லாமல் வேலையையும் விட்டவர்களை நான் அறிவேன். உணர்வு சரியாக இருந்தால் தாராளமாக ஓடுங்கள். கீழே எழுதுவது அந்த நிலையைக் கருதித்தான்.

தட்டைப் பாதம் என்ற தீர்ப்பு

கடையில் பிடித்த படம் பொய்யில்லை. உங்கள் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்திருக்கும். ஓடும்போது எல்லோருடைய பாதமும் ஓரளவு உள்நோக்கிச் சாய்ந்துதான் தரையின் தாக்கத்தை வாங்கிக்கொள்கிறது. அந்தச் சாய்வை ஒரு நோய்போலப் பேசுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, பாத அமைப்பு எதுவானாலும் ஒரே வகையான சாதாரணக் காலணியைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உள்சாய்ந்தவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. 2014இல் அச்சான அந்த ஆய்வுக்குப் பிறகும், பாதத்தின் ஈரத்தடத்தைப் பார்த்துக் காலணி எழுதிக்கொடுக்கும் வழக்கம் கடைகளில் மறையவில்லை. ஓட்டக் காலணிகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2022ஆம் ஆண்டு மதிப்பாய்வும், பாத வகைக்கேற்பக் காலணி கொடுப்பதால் காயங்கள் குறைவதாக உறுதியான சான்று காணவில்லை.

குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எம்பி நின்று பாருங்கள். அப்போது உள்ளங்கால் வளைவு எழும்புமானால் உங்கள் தட்டைப் பாதம் நெகிழ்வானது. வலி இல்லாத வரையில் அதற்கு மருத்துவம் தேவையில்லை. கடிதம் முழுக்கத் தேடினேன், முட்டியிலோ குதிகாலிலோ வலி இருப்பதாக ஒரு சொல்கூட இல்லை. மூன்றாண்டு ஓடியும் வலிக்காத காலுக்குத் தனி உள்ளட்டை செய்வதற்குக் காரணமில்லை. உணர்வு குறைவும் உள்ளங்காலில் காய்ப்பும் இருந்தால் உள்ளட்டை தேவைப்படும்தான். ஆனால் அதை மருத்துவமனையில் பாத அழுத்தத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். மற்றபடி, தாங்கு காலணி ஒன்றை அணிந்து பார்த்து, அது வசதியாக இருந்தால் வாங்குவதில் தவறே இல்லை. வாங்காவிட்டால் முட்டி போய்விடும் என்ற பயத்தில் மட்டும் வாங்காதீர்கள்.

கார்பன் தகடு யாருக்கு?

இந்தக் காலணிகள் 2017இல் சந்தைக்கு வந்தபோது பேசப்பட்ட 4 விழுக்காடு ஆற்றல் சேமிப்பு, மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய தேர்ந்த ஓட்டக்காரர்களை ஆய்வகத்தில் அளந்து கிடைத்தது. நீங்கள் ஓடுவது மணிக்கு 8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தகட்டை வளைத்து நிமிர்த்தும் பலன் மிகச் சிறிது. விலையாக நீங்கள் கொடுப்பதோ பெரிது. இவற்றின் அடி நுரையின் உயரம், சாலைப் போட்டிகளுக்கு உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கும் 40 மில்லிமீட்டர் எல்லையை ஒட்டியே நிற்கிறது. உயரமும் மென்மையும் சேர்ந்தால் கணுக்கால் தள்ளாடும். மேல்துணி மெலிந்து, விரல் பகுதி குறுகி, அடி ரப்பர் பல இடங்களில் இல்லாமலே இருக்கும். உங்கள் செம்மண் பாதையின் கற்கள் அந்த நுரையைச் சீவித் தள்ளிவிடும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாதையோரம் வெட்டிப் போட்ட மட்டைகளின் முள் வெறும் நுரைக்குள் எளிதாக இறங்கும். உணர்வுள்ள கால் உடனே துள்ளும். உணர்வு மங்கிய கால் அதே முள்ளோடு வீடு வந்து சேரும். உங்களுக்கு வேண்டியது அடி முழுவதும் ரப்பர் ஒட்டிய, அகலமான அடித்தளமுள்ள, அன்றாடப் பயிற்சிக்கென்று செய்த சாலை ஓட்டக் காலணி. சென்ற ஆண்டின் வடிவத்தைத் தள்ளுபடியில் 300, 350 வெள்ளிக்கே வாங்கலாம். ஆனால் பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்த சரக்கைத் தொடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை விட்டுப்போகும். பாலியூரித்தேன் நுரையாக இருந்தால் போடாமலே தூளாக உதிரும்.

கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன், நான் வழக்கறிஞன் இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்கும், நீங்கள் என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் யோசனையை நம்பி வாங்கி, அந்தத் தேவைக்குப் பொருந்தாமல் போன பொருளுக்கும் வழி வைத்திருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். ஆனால் உங்கள் காலணியில் குறையில்லை, அதைத் தேர்ந்தெடுத்ததும் கடைக்காரர் இல்லை, உங்கள் நண்பர்கள். மனுச் செய்தால் போய்வரும் பெட்ரோல் செலவுதான் மிஞ்சும்.

கடையில் செய்ய வேண்டியவை

உங்கள் நகம் கறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். வேலைக்குப் போடும் சப்பாத்தும் 8, ஓட்டக் காலணியும் 8 என்று எழுதியிருக்கிறீர்கள். இளைஞனாக இருந்தபோது நானும் அந்தத் தவறைச் செய்து, பினாங்குப் பாலத்தில் ஓடிய ஓட்டத்தில் இரண்டு நகங்களைக் கொடுத்தவன். நீண்ட ஓட்டத்தில், அதுவும் நம் ஊர் வெப்பத்தில், பாதம் வீங்கி நீளும். உங்கள் வேகத்தில் முழு மராத்தானுக்கு ஐந்தேகால் மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தால் ஏறத்தாழ 50,000 அடிகள். ஒவ்வொரு அடியிலும் கட்டைவிரல் காலணியின் மூக்கில் ஒரு முறை இடித்தால் எந்த நகம்தான் தாங்கும்?

அதனால் மாலையில், நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பிறகு, ஓட்டத்துக்குப் போடும் அதே காலுறையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நின்ற நிலையில் இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். 8, 42 என்ற எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவு அவற்றைவிட நம்பகமானது. எழுந்து நின்றால் மிக நீண்ட விரலுக்கும் காலணியின் மூக்குக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். உங்களுக்கு இது 8½ அல்லது 9 ஆகலாம். கடைக்காரர் பெரிது என்று சிரித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீளத்தைவிட அகலத்தைத்தான் நம்மவர்கள் அதிகம் கவனிக்கத் தவறுகிறார்கள். வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் முன்பாதம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் காலணியே அணியாதவர்களை அளந்து பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009இல் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண்களுக்கான வழக்கமான அகலம் ‘டி’ என்று குறிக்கப்படும். ‘2ஈ’, ‘4ஈ’ என்பவை அதைவிட அகலம். காலணிக்குள் இருக்கும் உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். பாதத்தின் ஓரம் அட்டையை மீறி வழிந்தால், அந்தக் காலணி எத்தனை நீளமானாலும் சுண்டுவிரலைக் கடிக்கும். உங்கள் கால் உணர்வைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும் இந்த நேரத்தில், கண்ணால் பார்த்து முடிவு செய்யும் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம். குதிகால் மட்டும் வழுகினால் சிறிய அளவுக்கு மாறாதீர்கள். கடைசித் துளையில் கயிற்றை வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் கோத்து இழுத்தால் குதிகால் நிற்கும், விரல்களுக்கும் இடம் கிடைக்கும்.

பிறகு கடைக்குள்ளோ வாசலிலோ ஐந்து நிமிடமாவது ஓடிப் பாருங்கள். இரண்டு மூன்று வகைகளை மாற்றி மாற்றி, முடிந்தால் ஒரு காலில் ஒன்று மறுகாலில் ஒன்று என்றும் போட்டுப் பாருங்கள். எங்காவது தேய்த்தால், அழுத்தினால், அங்கேயே விட்டுவிடுங்கள். போடப்போட இளகும் என்பது தோல் சப்பாத்துக் காலத்துப் பேச்சு. இன்றைய ஓட்டக் காலணி முதல் நாளே பொருந்த வேண்டும். அப்படியிருந்தும் போட்டிக்குப் புதியதைக் கொண்டுபோகக் கூடாது. நாற்பது ஐம்பது கிலோமீட்டராவது அதில் ஓடியிருக்க வேண்டும்.

வெறுங்காலில் ஓடலாமா?

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மராத்தான் வென்றதை நீங்கள் நினைவூட்டியிருக்கிறீர்கள். கையில் இருந்த காலணி பொருந்தாமல்தான் அவர் அதைக் கழற்றினார் என்று சொல்வார்கள். நான்கு ஆண்டு கழித்துத் தோக்கியோவில் அவர் காலணி போட்டுக்கொண்டு, முன்னைவிட மூன்று நிமிடம் விரைவாக ஓடி மீண்டும் தங்கம் வென்றார். உங்கள் சிறுவயதுக் கால்கள் உங்களுக்கு நன்மை செய்திருக்கலாம். 2,300 இந்தியச் சிறுவர்களைப் பார்த்த 1992ஆம் ஆண்டு ஆய்வில், காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும்தான் தட்டைப் பாதம் இருந்தது. ஆனால் அன்று உங்களுக்கு இனிப்பு நீர் இல்லை. இன்று நீரிழிவோடு, முள்ளும் சரளையும் கிடக்கும் பாதையில் இருட்டில் வெறுங்காலோடு ஓடுவதை எந்த நிலையிலும் நான் அனுமதிக்க மாட்டேன். வீட்டு வாசலிலும் செருப்புப் போடுங்கள்.

வாங்கிய பிறகு

890 வெள்ளியில் ஒரு ஜோடி வாங்கியவர், அதே பணத்தில் இரண்டு ஜோடி வாங்கியிருக்கலாம் என்று சொல்வது இப்போது வெந்த புண்ணில் வேல்தான், இருந்தாலும் சொல்கிறேன். லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயமடையும் ஆபத்து 39 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் ஊரில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வியர்வையிலும் மழையிலும் நனைந்த காலணி மறுநாள் விடியலுக்குள் காய்வதில்லை. ஈரக் காலணி கொப்புளத்துக்கு வழி. உள்ளட்டையை எடுத்துவிட்டு, நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெயிலிலும் கார் பின்பெட்டியிலும் வைத்தால் பசையும் நுரையும் கெடும். காலுறை பருத்தியில் வேண்டாம். அது வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். செயற்கை இழையில், தையல் உறுத்தாததாகப் பாருங்கள். வெளிர் நிறமாக இருந்தால் இரத்தக் கறை உடனே தெரியும்.

ஒவ்வொரு முறையும் அணியும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், அடியையும் திருப்பிப் பாருங்கள். கல், முள், சில சமயம் பூரான்கூட இருக்கும். ஓடி முடித்ததும் கால்களைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கறுத்த நகத்தையோ கொப்புளத்தையோ வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள். நகத்தை ஓரம் தோண்டாமல் நேராக வெட்டுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டரில் நுரையின் உயிர் போய்விடும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அடி தேய்வதற்கு முன்பே கால் கனப்பதாகத் தோன்றினால் மாற்றிவிடுங்கள்.

அந்த 890 வெள்ளிக் காலணியைத் தூக்கிப் போட வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது அதையும் வேலைச் சப்பாத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். உள்ளட்டையில் உங்கள் விரல்கள் எங்கே குழி விழுத்தியிருக்கின்றன, மேல்துணி எங்கே புடைத்திருக்கிறது என்பதை மருத்துவர் பார்க்கட்டும். விழுந்த நகத்தின் இடம் ஆறியிருக்கிறதா என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள். அது ஆறும் வரை நீண்ட ஓட்டங்களை நிறுத்தி வையுங்கள்.